காவிப் பட்டையும் கொழுந்தன் செருப்பும்

நம்ம லோகு பின்னாடி முணுமுணுத்தது என் காதுல விழுந்துச்சு. நூத்தியெட்டு தடவையும் அதே போற்றி, அதே குங்குமம்தானா, வேற ஒண்ணுமே இல்லையாக்கான்னு கேக்கறா. கேக்கட்டும்... தப்பில்ல. குங்குமத்தைத் தட்டுல வெச்சுட்டு ஒரு சின்னக் கதை கேளுங்க, அப்புறம் மேல போவோம்.

என் கொழுந்தன் தணிகாசலம் பொண்ணு அபிராமி, கும்பகோணத்துல படம் வரையற படிப்பு படிக்கறா. கடைசி வருஷம். பரீட்சைக்குன்னு வீட்டுலயே ஒரு படம் வரைஞ்சா. ஆளு உசரத் துணி. அதுல என்ன இருந்துச்சுங்கறீங்க? சாமியா? மயிலா? ஒண்ணுமில்ல. காவியில ஒரு பட்டை, வெள்ளையில ஒரு பட்டை... காவி, வெள்ளை... காவி, வெள்ளை... அம்புட்டுதான்.

கொழுந்தனுக்கு வந்துச்சே கோவம். நாலு வருஷம் படிச்சு இதைத்தான் கத்துக்கிட்டியா, சுண்ணாம்பு அடிக்கற ஆளு ஒரு பொழுதுல அடிச்சுருவானே, இனிமே காலேஜே வேணாம், தையில கல்யாணம்னு சொல்லி, படத்தைத் தூக்கித் தெருச்சுவத்தோரமா சாத்திட்டாரு. திங்கக்கிழமை அதைக் கொண்டுபோய்க் காட்டினாத்தான் அவளுக்குப் பாஸு. புள்ள சோறு திங்கல.

நான்கூட கேட்டேன், ஒரு கிளியாச்சும் போட்டிருக்கலாம்லடின்னு. அவ சொல்றா, "கிளி போட்டா எல்லாரும் கிளியைத்தான் பெரியம்மா பார்ப்பாங்க."

மறுநாள் காலையில... பால்கார அஞ்சலை வந்தா. படத்துக்கிட்ட வந்ததும் செருப்பைக் கழட்டினா, கன்னத்துல போட்டுக்கிட்டா, போயிட்டா. ஏன்னு அவளுக்கே தெரியாது. கோயில் சுவரைப் பார்த்தே வளர்ந்த கண்ணு, வேற என்ன பண்ணும்? எட்டு மணிக்குப் பார்த்தா, யாரோ ஒரு முழம் கதம்பம் சாத்தியிருக்காங்க. எலுமிச்சம்பழம் வேற.

கொழுந்தன் டீ குடிச்சுட்டு, பேப்பர் படிச்சுக்கிட்டே வர்றாரு. படத்துக்கிட்ட வந்தாரு... வலது செருப்பு கழண்டுச்சு... இடது செருப்பு கழண்டுச்சு... கை கன்னத்துக்குப் போயிருச்சு.

நான் மெதுவா கேட்டேன், "யாரைத் தம்பி கும்பிடறீங்க?"

மனுஷன் கன்னத்துல வெச்ச கையை எடுக்கல. அப்புறம் வீட்டுக்குள்ள பார்த்துச் சொல்றாரு, "அபிராமி... ஒரு பழைய போர்வை எடுத்தாம்மா. பஸ்ஸுல சாயம் உரசிறப் போவுது."

திங்கக்கிழமை அவரே தூக்கிட்டுப் போனாரு. கும்பகோணம் வரைக்கும்... வெறுங்காலோட.

லோகு, இப்ப நீ சொல்லு. அந்தத் துணியில சாமி இருந்துச்சா? ரெண்டே நிறம், திரும்பத் திரும்ப. அதுலயே அந்த மனுஷன் மனசு ஓடாம நின்னுச்சு. நமக்கு? பத்தாவது போற்றியில அடுப்புல வெச்ச பால் ஞாபகம், அம்பதாவதுல மருமக ஞாபகம். புதுசா எதைக் காட்டினாலும் மனசு அது பின்னாடியே ஓடுமேம்மா. அதே சிவப்பு, அதே சொல்லு, அதையே சொல்லிக்கிட்டு வா... நூறைத் தாண்டும்போது மனசுல அம்மன் மட்டும்தான் இருப்பா.

எத்தனையில நிறுத்தினோம்? முப்பத்தாறா? குங்குமத்தை எடுங்க. முப்பத்தேழை... லோகு, நீயே சொல்லு தாயி.