விரல் பட்ட குழாய்கள்

எனக்குச் சின்ன வயதிலிருந்தே உள்ளங்கை வியர்க்கும், மேடம். இந்தப் போலீஸ் ஸ்டேஷனுக்கு வந்த பயத்தால் என்று நினைக்காதீர்கள். நீங்கள் கொடுத்த டீ நன்றாக இருந்தது.

ஒன்பதாவதோடு படிப்பை நிறுத்திய எனக்கு டோல்கேட் பக்கத்து ரத்தப் பரிசோதனை லேபில் உதவியாள் வேலை. கண்ணாடிச் சாமான் கழுவுவேன், குழாய்களை அறைக்கு அறை கொண்டுபோவேன். டெக்னீஷியன் ரெஜி அக்கா முதல் நாளே ஒன்றைச் சொல்லிக்கொடுத்தார். சில கிருமிகளை ஆர்.என்.ஏ என்ற இழையை வைத்துத்தான் கண்டுபிடிக்கிறார்கள். அந்த இழையைத் துண்டுதுண்டாக வெட்டும் நொதி நம் எல்லோர் தோலிலும் வியர்வையிலும் உண்டு. கொதிக்கவைத்தாலும் லேசில் சாகாது.

"கிளவுஸ் இல்லாம டியூப் கிட்ட வராதமா. ஒரு வெரல் பட்டா போதும், மொத்தமும் காலி" என்றார்.

என் அம்மா பட்டம்மாள் காத்திவாக்கத்தில் மீன் விற்றவர். சிறுநீரகம் கெட்டு மூன்று வருடம். வாரம் இருமுறை டயாலிசிஸ். அந்த சென்டரின் ரத்தமெல்லாம் எங்கள் லேபுக்குத்தான் வரும். பிப்ரவரியில் அம்மாவுக்கு ஹெபடைடிஸ் சி என்று வந்தது. ஈரலைக் கெடுக்கும் கிருமி. பெயரைப் பார்த்த ரெஜி அக்கா என்னைத் தனியே கூப்பிட்டுச் சொன்னார். மறுநாள் இன்னொரு முறை சோதிப்பார்கள். உறுதியானால், அந்தக் கிருமி உள்ளவர்களுக்குத் தனி மிஷின் இருக்கும் வேறு சென்டருக்கு அம்மாவை மாற்றுவார்கள். நகரத்தின் மறுகோடி, இரண்டு பஸ். அம்மாவுக்கு அந்த அலைச்சல் ஆகாது.

மறுநாள், ரத்தத்திலிருந்து அந்த இழையைப் பிரித்து வைத்த குழாய்களைச் சோதனை மிஷினுக்குக் கொண்டுபோனது நான். கையுறையைக் கழற்றி, அம்மாவின் குழாயைத் திறந்து மூடியின் உட்புறத்தில் விரலை வைத்தேன். திரும்ப மூடி, உள்ளே இருந்தது விரல் பட்ட இடத்தை நனைக்கும்படி கவிழ்த்துப் பிடித்தேன். சோதனை ஒழுங்காக நடந்ததா என்று பார்க்க, மனிதருடைய டி.என்.ஏ-வையும் சேர்த்தே தேடுவார்கள். அதை இந்த நொதி ஒன்றும் செய்யாது. ஆகவே சோதனை ஒழுங்காகவே நடந்திருந்தது. அம்மாவுக்குக் கிருமி இல்லை. முதல் சோதனையில்தான் ஏதோ தவறு என்று முடிவுசெய்தார்கள்.

டயாலிசிஸ் சென்டரில் அம்மாவுக்கு அடுத்து அதே மிஷினில் படுப்பவர் பீம்ராவ், வியாசர்பாடி ஆட்டோக்காரர். என்னைக் கண்டால் கிண்டல்தான். "இன்னா டாக்டரம்மா, நம்ம பிளட்டு சுத்தமா கீதா, கலீஜா கீதா?" என்பார். நான் சுத்தம் என்று தலையாட்டுவேன்.

அவசரத்தில் அந்த மிஷினை அரைகுறையாகக் கழுவுவதைப் பார்த்திருக்கிறேன். பீம்ராவுக்குக் கிருமி வந்தால், யாரிடமிருந்து என்று தேடுவார்கள். மே மாதம் அவர் குழாயையும் தொட்டேன். பிறகு அடைக்கலமேரி அக்காவுடையது. ஆகஸ்டில் மொத்தம் ஏழு.

பீம்ராவின் கண் மஞ்சளானது. ரிப்போர்ட்டில் ஒன்றுமில்லாததால் டாக்டர்கள் வேறு காரணம் தேடினார்கள். ரெஜி அக்காவுக்கு மட்டும் அந்த ரிப்போர்ட் மேல் நம்பிக்கை இல்லை; சோதனைக்கு ஊற்றும் மருந்தைச் சந்தேகப்பட்டார், தண்ணீரைச் சந்தேகப்பட்டார். ஒருநாள் எங்களை நிற்கவைத்து ஒவ்வொருவர் கையுறையாகப் பார்த்தார். என்னுடையதில் ஓட்டை எதுவும் இல்லை. கடைசியில் அவர் வேலையில்தான் குறை என்று அவரையே வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள். எனக்கு வருத்தம்தான். அவர் விட்டுப்போன டிபன் பாக்ஸைத் தேய்த்துக் கழுவி, ராயபுரத்தில் அவர் வீட்டிலேயே கொண்டுபோய்க் கொடுத்தேன்.

பீம்ராவ் அக்டோபரில் இறந்தார். அதன்பிறகு சென்டரில் வேறு லேபுக்கு ரத்தம் அனுப்பிப் பார்த்தார்கள். மீதி ஆறு பேருக்கும் கிருமி இருந்தது. அம்மாவின் ஈரல் சுருங்கத் தொடங்கியிருக்கிறதாம்.

பன்னிரண்டு வாரம் மாத்திரை சாப்பிட்டால் அநேகமாகக் குணமாகிவிடும் என்பது தெரியுமா என்று கேட்டீர்கள். தெரியும். ரெஜி அக்கா அன்றைக்கே சொன்னார்.

அம்மாவின் மேல் உள்ள பாசத்தால் செய்ததாக எழுதிக்கொண்டிருக்கிறீர்கள். அது சரிதான். ஆனால் நாளை அம்மாவையும் விசாரிப்பீர்கள், அதனால் இதையும் சொல்லிவிடுகிறேன். பிப்ரவரியில், ரெஜி அக்கா கூப்பிட்டுச் சொன்ன அன்று சாயங்காலமே அம்மாவிடம் விஷயத்தைச் சொன்னேன்.

"ரெண்டு பஸ்ஸு தானேடி, போய்க்கலாம். இதுக்கா மூஞ்சத் தொங்கப் போட்டுகினு கீற?" என்றார்.

அம்மாவுக்குக் காது மந்தம், மேடம். அந்தப் புது சென்டரின் கவுண்டரில் பெயர், வயது, நோய் எல்லாவற்றையும் அத்தனை பேர் முன்னால் நான்தான் சொல்ல வேண்டியிருந்திருக்கும்.