சிவப்புப் பூ எடுத்தவர்கள்

மனித குலத்தைக் காப்பாற்றியது இரக்கமல்ல, ஒப்பீடு. ஈப்போவில் நடந்த மருத்துவ மாநாட்டில் என் உரையை இப்படித்தான் தொடங்கினேன். பலத்த கைதட்டல். அந்த நேரம் பார்த்துக் கறிபாப் பலகாரத் தட்டுகள் உள்ளே வந்தது பிறகுதான் தெரிந்தது.

விசாரணைக் குழுவினரே, உங்களுக்கு விளக்கத் தேவையில்லை, ஆனாலும் விளக்குகிறேன். புது மருந்துக்கு அளவு தேடும்போது கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுவோம். யாராவது சுருண்டு விழுந்தால் நிறுத்துவோம். நோயை முன்கூட்டியே கண்டுபிடிக்கும் பரிசோதனையால் பலன் உண்டா என்று பார்ப்பது வேறு வேலை. அங்கே ஒருவர் விழுந்தார் என்று நிறுத்த முடியாது. விழுகிறவர்களைத்தான் எண்ணுகிறோம்.

பத்து காஜா ஊர்ப் பக்கம், ரப்பர் போய்ச் செம்பனை வந்துவிட்ட ஒரு பழைய தோட்டம். குடல் புற்றுநோய்க்கான மலப் பரிசோதனை. எல்லாரிடமும் மாதிரி வாங்குவேன். பாதிப் பேருக்கு முடிவை உடனே சொல்வேன், மீதிப் பேருக்குச் சில ஆண்டுகள் கழித்து. எந்தப் பாதியில் சாவு குறைவு என்பதே கேள்வி. யார் எந்தப் பாதி என்பதைக் கணினி முடிவு செய்யும் என்றேன். தோட்டத்து மக்கள் யாரும் மாதிரி தர முன்வரவில்லை.

கோயில் தலைவர் சன்னாசிதான் வழி சொன்னார். "ஆத்தா முன்னால பூ போட்டுப் பாப்போம் டாக்டர். நீங்க மொதல்ல எடுங்க, அப்பதான் சனம் நம்பும் லா."

ஒரு தட்டு நிறைய வெற்றிலையில் மடித்த பொட்டலங்கள். உள்ளே வெள்ளைப் பூ என்றால் உடனே, சிவப்பு என்றால் பிறகு. சிவப்புக்கு முடிவு வர நாளாகும் என்று மட்டும் சொல்லிவைத்தேன். எனக்கு வெள்ளை. அடுத்து நின்ற கருப்பம்மாளுக்குச் சிவப்பு.

"என் பீயக்கூட ஒரு பெரிய டாக்டரு கைநீட்டி வாங்குறாரு, பாத்தியாடா சுரேனு!" என்று மகனிடம் சொல்லிச் சிரித்தார்.

அவருடைய மாதிரியில் ரத்தம் இருந்தது. அந்த வாரமே எனக்குத் தெரியும்.

மறு வருஷம் சுரேன் என் அறைக்கு வந்தான். "அம்மா வயித்து நோவுல சுருண்டு கெடக்கு டாக்டர். ரிசல்ட் வந்துருச்சா?"

"சபார் லா தம்பி. பொறுமையா இரு, வரும்."

ஒருவருக்குச் சொன்னால் சிவப்பு எடுத்த எல்லாருக்கும் சொல்ல வேண்டும். அப்புறம் எதை எதோடு ஒப்பிடுவது?

சாவு வீட்டுக்கு மாலையோடு போனேன். சுரேன் என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஆத்தா குடுத்தது அப்படி. நீங்க என்ன பண்ணுவீங்க டாக்டர்" என்றான். நான் மறுக்கவில்லை. பிறர் நம்பிக்கையை மதிப்பவன் நான்.

தெரிந்தே சாகவிட்டேனா என்று கேட்டீர்கள். ஆம், தெரிந்தேதான். கருப்பம்மாளை மட்டுமல்ல, சிவப்பில் இன்னும் சிலரையும். ஆனால் நான் யாரையும் தேர்ந்தெடுக்கவில்லை. பூ பாரபட்சம் பார்க்காது. என் ஆய்வின் தூய்மையே அதுதான். அதில் ஒரே ஒரு சிறு விலகல் உண்டு. நீங்கள் கேட்கவில்லை, நானே சொல்கிறேன்.

என் கைக்கு முதலில் வந்த பொட்டலம் சிவப்பு. மடிப்பை விலக்கிப் பார்த்துவிட்டு, தட்டிலேயே திரும்பப் போட்டு, வேறொன்றை எடுத்தேன்.