நேரம் தவறாதவர்

பரிந்துரைக் கடிதம் எழுதுவதில் எனக்குச் சோம்பல் கிடையாது. எங்கள் கடலோர ஆய்வுக்கூடத்தில் மற்ற பேராசிரியர்கள் கடைசி நாள் வரை மாணவர்களை அலையவிடுவார்கள். சிலர் "நீயே எழுதிக்கொண்டு வா, கையெழுத்துப் போடுகிறேன்" என்பார்கள். நான் ஒவ்வொன்றையும் நானே எழுதி, மூன்று நாள் முன்னதாகவே அனுப்பிவிடுவேன். விசாரிக்க வந்திருக்கும் நீங்கள் மூவரும் முதலில் இதைக் குறித்துக்கொள்ளலாம்.

பிரிசா ஒலாச்சேயா ஆறு வருடங்களுக்கு முன்பு முதுகலை படிக்க என்னிடம் வந்தாள். செத்ரோஸ் தீவுக்காரி. அவள் அப்பா கடலில் மூழ்கி, பாறையில் ஒட்டியிருக்கும் அபலோன் நத்தைகளைப் பெயர்த்தெடுப்பவர். அதே நத்தையைத்தான் நாங்கள் தொட்டிகளில் வளர்க்கிறோம். குஞ்சுகளில் நூற்றுக்கு மூன்று பிழைத்தால் எங்களுக்குக் கொண்டாட்டம். பிரிசாவின் தொட்டிகளில் பதினொன்று பிழைத்தன. எப்படி என்று கேட்டால் தன் குறிப்பேட்டைக் கொடுப்பாள். அதில் எழுதியிருப்பதை அப்படியே செய்தாலும் எங்களுக்கு மூன்றுதான்.

உடன் படித்த ஹெனாரோ அவளைச் சீண்டிக்கொண்டே இருப்பான். "தீவுல இதுகளைத் தின்னே வளர்ந்தே. இப்ப அந்தப் பாவத்தைக் கழிக்கிறியா?"

"உன்னைத் தின்னா பாவமே வராது, ஹெனாரோ. ருசி இருந்தாத்தானே யாராவது தின்பாங்க."

எல்லாரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன்.

முதுகலை முடித்த பிறகு அவள் என் கூடத்திலேயே உதவியாளராக இருந்துகொண்டு, ஐரோப்பாவில் ஓர் உயிரியல் நிறுவனத்துக்கு விண்ணப்பித்தாள். உலகம் முழுவதிலுமிருந்து ஆண்டுக்குப் பன்னிரண்டு பேரை முனைவர் பட்டத்துக்கு உதவித்தொகை கொடுத்து எடுப்பார்கள். முதுகலை முடித்த நான்கு ஆண்டுகளுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். அதற்குப் பிறகு கதவு கிடையாது. பரிந்துரைக் கடிதம் எழுதியவரிடமிருந்து நேரே அங்கே போகும். விண்ணப்பித்தவருக்குக் காட்டுவதில்லை.

நான் எழுதியது இதுதான். பிரிசா நேரம் தவறாதவர். சுத்தமாக வேலை செய்வார். சொன்னதைப் பிசகாமல் முடிப்பார். எல்லாரோடும் இணக்கமானவர்.

ஒரு சொல்லும் பொய்யில்லை. ஆனால் எங்கள் உலகத்தில் சுமாரான மாணவனைக்கூட "என் வாழ்நாளில் கண்ட மிகச் சிறந்த மூளை" என்றுதான் எழுதுவார்கள். அப்படிப்பட்ட கடிதங்களுக்கு நடுவே "நேரம் தவறாதவர்" என்று வந்தால், படிப்பவர் அந்த விண்ணப்பத்தைப் பேசாமல் எடுத்து ஓரமாக வைத்துவிடுவார். இது எனக்குத் தெரியும். தேர்வுக் குழுக்களில் உட்கார்ந்து நானே வைத்திருக்கிறேன்.

அவள் போனால் உலகத்துக்கு இன்னொரு முனைவர் கிடைப்பார். இருந்தால் ஒவ்வொரு நூறிலும் எட்டு உயிர்கள் கூடுதலாகப் பிழைக்கும். நான் இதை இப்படித்தான் பார்த்தேன். முனைவர் பட்டத்தை உங்களிடமே செய்கிறேன் டாக்டர் என்று ஒருமுறை கேட்டாள். இடமில்லை என்றேன். இடம் இருந்தது. நான்கு வருடத்தில் பட்டம் வாங்கிக்கொண்டு போய்விடுவாளே.

முதல் வருடம் மறுத்துவிட்டார்கள். இரண்டாம் வருடமும், மூன்றாம் வருடமும் அப்படியே. ஒவ்வொரு முறையும் அவளுடைய ஆய்வுத் திட்டத்தை வரி வரியாகத் திருத்திக் கொடுத்தேன். அந்தத் திருத்தங்களில் ஒரு குறையும் வைக்கவில்லை. ஒவ்வொரு முறையும் நன்றி சொல்ல, கொய்யாப் பாகு வைத்த ரொட்டி வாங்கி வந்தாள்.

நான்காம் வருடம் திட்டம் அவ்வளவு நன்றாக அமைந்துவிட்டது. என் கடிதத்தையும் தாண்டி அவளை நேர்காணலுக்குக் கூப்பிட்டுவிட்டார்கள். பிறகு அங்கிருந்து ஒரு பெண்மணி எனக்குத் தொலைபேசியில் பேசினார். மிகவும் மரியாதையான குரல்.

"ஒண்ணே ஒண்ணு கேக்கணும், டாக்டர். உங்க கூடத்துல இடம் இருந்தா, இவங்களை முனைவர் படிப்புக்கு நீங்க எடுப்பீங்களா?"

ஜன்னலுக்கு வெளியே ஒரு கடற்காகம் தொட்டியின் மூடிமேல் வந்து இறங்கியது. அது இறக்கைகளை மடித்து, கால் மாற்றி நின்று, அலகைத் துடைத்து முடிக்கும் வரை பார்த்துக்கொண்டிருந்தேன். அதன் பிறகு, "எடுப்பேன்" என்றேன்.

அந்த அம்மாள் நன்றி சொல்லி வைத்துவிட்டார்.

நான்காம் முறையும் மறுத்து, கதவு மூடியபின் பிரிசா, எங்கே தவறினோம் என்று தெரிந்துகொள்ளத் தன் கோப்பைக் கேட்டு எழுதியிருக்கிறாள். கேட்டால் கொடுத்தாக வேண்டும் என்று அங்கே சட்டமாம். எனக்குத் தெரியாது. என் நான்கு கடிதங்களையும், அந்தத் தொலைபேசிப் பேச்சைப் பற்றிய குறிப்பையும் மேசைமேல் வைத்தாள். குறிப்பில் ஒரு வரி: "பதில் சொல்ல வெகுநேரம் தயங்கினார்."

ஹெனாரோவும் அவளோடு சேர்ந்துதான் முதல் முறை விண்ணப்பித்தான். அவன் அங்கே போய் மூன்று வருடமாகிறது. அவள் அவனைப் பற்றித்தான் கேட்டாள்.

"ஹெனாரோவுக்கு என்ன எழுதினீங்க, டாக்டர்?"

"இருபது வருஷத்துல இப்படி ஒரு மூளையைப் பார்த்ததில்லைன்னு எழுதினேன்."

"அவன் கை வச்ச தொட்டி ஒண்ணுகூடப் பிழைச்சதில்லையே."

"அதனாலதாம்மா அவனை அனுப்பினேன்."

அவள் அழவில்லை. ரப்பர் கையுறைகளைக் கழற்றி, உள்பக்கம் வெளியே வராமல் சரிசெய்து, என் மேசைமேல் வைத்துவிட்டுப் போனாள். இப்போது தீவில், அபலோனை டப்பாவில் அடைக்கும் ஆலையில் இருக்கிறாள் என்று கேள்வி. இங்கே தொட்டிகள் மறுபடி மூன்றுக்கு வந்துவிட்டன. அதைப் பற்றி உங்களில் யாரும் ஒரு கேள்வி கேட்கவில்லை.

இவள் ஒருத்திதானா என்று கேட்கிறீர்கள். இல்லை. இருபத்திரண்டு வருடத்தில் அப்படிப்பட்ட கைகள் ஐந்து பேருக்குத்தான் இருந்தன. ஐவருக்கும் நானே எழுதினேன். ஐவரும் எங்கேயும் போகவில்லை. அவர்களில் முதல்வன் எவாரிஸ்தோ. இப்போது பள்ளிப் பேருந்து ஓட்டுகிறான். போன வாரம் மீன் சந்தையில் என்னைப் பார்த்ததும் தன் சின்ன மகளை முன்னால் நிறுத்தி, "அப்பாவுக்காக எவ்வளவோ பாடுபட்ட டாக்டர் இவர்தாம்மா" என்று காட்டினான். அந்தக் குழந்தை என் கையைப் பிடித்துக் குலுக்கியது. நான் கெடுதல் செய்திருந்தால் ஒரு தகப்பன் தன் குழந்தையை என்னிடம் அப்படிக் காட்டுவானா, நீங்களே சொல்லுங்கள்.