அடுத்த வீட்டு மஞ்ச ரோசா

— மிளகா மண்டியில உக்காந்திருக்க மனுசனுக்கு, அடுத்த வீட்டு அழகுத்தாய் தன் ரோசாத் தொட்டிக்கெல்லாம் எந்நேரம் தண்ணி ஊத்துறான்னு எப்படிங்க தெரியும்? அதத்தான் கேக்குறேன்.

— இந்தா பாரு கனகு. கத்திரி வெயில்ல விடியுமுன்ன ஒருக்க, பொழுது சாஞ்சு ஒருக்க ஊத்தணும். ஊரறிஞ்ச சங்கதி. நீ போன வருசம் உச்சியில, மண்ணு கொதிக்கயில ஊத்துன. வேரு வெந்துபோச்சு.

— சரி. ஊரறிஞ்சது. தொட்டியச் சுத்தி ஈரச்சாக்கு கட்டியிருக்கா, மண்ணு மேல தேங்கா நாரு பரப்பியிருக்கா, மத்தியானமானா செவுத்து நெழலுக்கு இழுத்து வச்சிர்றான்னு நேத்துச் சோத்துல கைய வச்சுக்கிட்டே சொன்னீகளே, அதுவும் ஊரறிஞ்சதா? அவ வீட்டுக் கொல்லைக்கு அடுப்படியத் தாண்டித்தான் போகணும்.

— அவ புருசன் மாரிக்கனி சொன்னாரு.

— அவரு லாரியோட வடக்க போயி, பங்குனியிலருந்து ஊருக்கே வரல. எஸ்.டி.டி. பூத்துக்குப் போன் போட்டு உங்ககிட்டச் செடியப் பத்திச் சொன்னாரா?

— சோத்தப் போடு.

— போட்டாச்சு. இன்னொண்ணும் கேட்டுக்கங்க. அந்தச் சாக்குல நம்ம மண்டி முத்திரை இருக்கு. தலகீழா இருந்தாலும் எனக்கு வாசிக்கத் தெரியும். லாரித் தண்ணிக்கு வரிசையில நிக்கயில ராக்கம்மா கேக்குறா, உங்க வீட்டுக்காரரு வெள்ளனத்துல அந்த வீட்டுக்குக் குடத்தத் தூக்கிட்டுப் போறாராமேன்னு. என் செடி கருகுனப்ப ஒரு செம்புத் தண்ணி மோந்து குடுத்திருக்கீகளா?

— கேக்குறவுக ஆயிரம் கேப்பாக.

— வெள்ளிக்கிழம கோயிலுக்கு அந்த மஞ்ச ரோசாவ வச்சிட்டு வந்தா. ஊரே காஞ்சு கெடக்கு, இவ தலையில மட்டும் பூ. எனக்கும் ரெண்டு நீட்டுனா. உங்களுக்கும் இதுல பங்கு இருக்கு மதினின்னு சொல்லிச் சிரிச்சா. எதுல பங்குன்னு நான் கேக்கல. வேணாம்னுட்டு வந்துட்டேன். ராத்திரி பூரா அந்தச் சிரிப்புதான் கண்ணுக்குள்ள நிக்குது.

— அது மனசுல ஒண்ணும் வச்சுச் சொல்லல. என்னைய அண்ணேன்னுதான் கூப்புடுது.

— அண்ணனா இருந்தா பொண்டாட்டிக்குத் தெரியாம ஏன் போகணும்?

— சரி, சொல்லிர்றேன். நாளைக்குச் சொல்லலாம்னுதான் இருந்தேன். போன கோடையில உன் செடி அம்புட்டும் பட்டுப்போனப்ப எங்கக்கா சந்தனம்மா வந்திருந்தா. இவ கை பட்டது எதுவும் தழைக்காதுன்னு நாலு பேரு முன்னால சொன்னா. அவ பஸ்ஸு ஏறுனப்பறம் நீ காலித் தொட்டிய ஒண்ணொண்ணாத் தூக்கித் தொவைக்கிற கல்லுல போட்டு ஒடச்ச. நான் கதவுகிட்ட நின்னு பாத்தேன். அது உனக்குத் தெரியாது.

— அதுக்கும் இதுக்கும் என்ன இருக்கு?

— மழை பேஞ்ச கையோட மதுரையில நாலஞ்சு ரோசாக் கன்னு வாங்குனேன். காரியாபட்டி வழியா வார பஸ்ஸுல மடியில வச்சுக் கொண்டாந்தேன். இங்க வச்சு அதும் கருகிட்டா, நீ தாங்க மாட்டியேன்னு பயம். அழகுத்தாய்கிட்டக் கேட்டேன். நான் வளத்துத் தாரேண்ணே, நல்லாப் பூத்தப்பறம் மதினி முத்தத்துல கொண்டுபோயி வைங்கன்னுச்சு. தண்ணிக்கு மட்டும் அந்தப் புள்ளையப் படுத்தக் கூடாதுன்னு நான் சொமந்தேன். அந்தச் செடி பூராம் உன்னுது கனகு.

— அம்புட்டும் என்னுதா?

— ஆமாடி, உன்னுதுதான். நாளைக்கு எங்கக்கா வாரா. அவ வாசப்படி ஏறயில பூத்த செடி நம்ம முத்தத்துல நிக்கணும். அழகுத்தாய் காலையில பரளச்சிக்குப் போகயில, செடிக்குத் தண்ணி ஊத்தச் சொல்லி உங்கிட்டத்தான சாவியக் குடுத்துட்டுப் போச்சு? எடு, போயித் தூக்கிட்டு வந்திருவோம்.

— போக வேணாங்க. ஊத்தச் சொன்னா, ஊத்திட்டேன். அடுப்புல கொதிச்ச உலைத் தண்ணிய, ஒரு தொட்டி விடாம.