இலைக்குவியலில் ஒரு முள்ளெலி

முள்ளெலிகள் மேல் எனக்கு எப்போதுமே இரக்கம் உண்டு. குளிர் வந்தால் அவை இலைக்குவியலுக்குள் புகுந்து சுருண்டுகொள்ளும். அதனால் எங்கள் செக் நாட்டுச் சிற்றூரில், குவியலுக்குத் தீ வைக்கும் முன் கவைக்கோலால் கிளறிப் பார்ப்பது வழக்கம். தெருவுக்காக அந்த வேலையை வருஷாவருஷம் செய்தது நான்தான். மற்றவர்களை நம்ப முடியாது, இன்ஸ்பெக்டர் அம்மா.

ஏன் எரிக்கிறோம் என்று நகரத்துக்காரரான உங்களுக்குத் தெரிந்திருக்காது. அரிசியளவுகூட இல்லாத ஓர் அந்துப்பூச்சி. அதன் புழு கஷ்கொட்டை மரத்து இலைக்குள்ளேயே இருந்து தின்னும். ஆகஸ்டிலேயே மரம் கருகினாற்போல் நிற்கும். உதிர்ந்த இலைக்குள் கூட்டுப்புழுவாகக் குளிரைக் கழித்துவிட்டு, வசந்தத்தில் மறுபடி வந்துவிடும். கூட்டி எரித்தால் தீர்ந்தது. மாட்டுக்குக்கூடப் புரியும். பக்கத்து வீட்டு ராடிமுக்குப் புரியவில்லை.

அவன் பீர்க்கடை நடத்தினான். அவனுடைய கஷ்கொட்டை நிழலில்தான் ஊரே உட்கார்ந்து குடித்தது. துடைப்பத்தை மட்டும் தொடமாட்டான். அவன் வளர்த்த பூச்சி என் வாசல் மரத்தையும் தின்றது. போய்க் கேட்டால் எல்லோர் முன்னாலும் சிரிப்பான்.

“பூச்சிக்கும் வயிறுன்னு ஒண்ணு இருக்குல்ல பெருசு? அது தின்னுட்டுப் போவட்டும், நீங்க குடிங்க.”

கடையே சிரிக்கும். இளிக்கத் தகுதி எதுவும் வேண்டியதில்லை.

போன நவம்பரில் அவன் மனைவி இவானா என்ன சொன்னாளோ, முதல்முறையாக அவனே கூட்டினான். வேலை செய்து பழகாத உடம்பு. குடித்துவிட்டுக் குவியலுக்குள்ளேயே புகுந்து படுத்துவிட்டான். அதிலும் அரைகுறை, பாதி இலை தரையில் அப்படியே கிடந்தது.

நான் வழக்கம்போல் கிளறினேன். ஒரு முள்ளெலி இருந்தது. தொப்பியில் ஏந்திப் போய் வேலியோரம் விட்டேன். மறுபடி கிளறியபோது ஒரு பூட்ஸ் தட்டுப்பட்டது. அதற்குள் கால் இருந்தது. குறட்டையும் கேட்டது.

இவானா ஜன்னலிலிருந்து எட்டிப் பார்த்தாள். “நல்லாப் பாத்துட்டீங்களா? உள்ள ஏதாச்சும் இருக்கப் போவுது.”

“ஒரு முள்ளெலி இருந்துச்சும்மா. எடுத்து விட்டுட்டேன்,” என்றேன்.

நான் பொய் சொல்வதில்லை. ஈர இலை என்பதால் மண்ணெண்ணெயைத் தாராளமாக ஊற்றி, தீக்குச்சியைக் கிழித்தேன். விபத்து என்று நீங்களாகத்தான் எழுதிக்கொண்டீர்கள். என்னை யாரும் கேட்கவில்லை.

இந்த ஆகஸ்டிலும் என் மரம் கருகிவிட்டது. யாரோ ஒழுங்காகக் கூட்டவில்லை. நீங்களோ என் விறகுக் கொட்டகைக்குப் பின்னால் மக்கிக் கிடக்கும் இலைக்குப்பையைக் காட்டிக் கேட்கிறீர்கள். அது வருஷக்கணக்காக அங்கேதான் கிடக்கிறது. அவை என் இலைகள், அம்மா. என் இலைகளில் பூச்சி கிடையாது.