இடிக்குரல்

— கதவைச் சாத்துக்கா. வெளிச் சத்தம் மைக்குல ஏறிடும்.

— சாத்தியாச்சு. இப்பச் சொல்லு. அந்தத் திரையில குழந்தையைத் தூக்கிக்கிட்டு நிக்கிறாரே, அந்தக் கறுப்பு மனுஷன், யாரு அவரு?

— படத்துல அவரு ஒரு டாக்டர். குழந்தைக்கு மூச்சு நின்னு போச்சு. யார் வீட்டுக் கதவையோ தட்டுறாரு.

— அவரு பாஷையில என்ன சொல்றாரு?

— 'காப்பாத்துங்க, காப்பாத்துங்க'ன்னு கெஞ்சுறாரு.

— நீ தமிழ்ல என்ன பேசப்போறே?

— வேலைக்கு நடுவுல வந்து இதெல்லாம் எதுக்குக்கா?

— சொல்லுடா.

— 'கதவைத் திறடி! இல்லேன்னா பொளந்துருவேன்!'

— டாக்டர் பேசுற பேச்சாடா இது?

— அது என்னோட வரிக்கா. நான் குரல் கொடுக்கிற எல்லாப் படத்துலயும் ஒரு தடவையாவது வந்தாகணும். படத்தை வாங்கி வெளியிடுறவர் போட்ட கண்டிஷன். அந்த இடத்துல தியேட்டரே விசிலடிக்கும்.

— இதே டாக்டர் வெள்ளையா இருந்திருந்தா?

— அதுக்கு நான் இல்ல. வேற ஒருத்தன் இருக்கான், 'வெண்ணெய்'னு கூப்பிடுவோம். குழைஞ்சு குழைஞ்சு பேசுவான்.

— ஆக, வெளுப்புன்னா வெண்ணெய், கறுப்புன்னா இடி. நல்லாத்தான் பிரிச்சு வச்சிருக்கீங்க.

— இடி அண்ணே, இங்க ரெடி. படத்தை ஓட விடட்டுமா?

— ஒலிப்பதிவுத் தம்பி, கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நிக்கிறது இவனோட அக்கா. கொஞ்ச நேரம் பொறுத்துக்கப்பா.

— ஐயோ, நீங்க பேசுங்கக்கா. நான் மைக்கை மூடிக்கிறேன்.

— ஏன்க்கா எம்மேல எரிஞ்சு விழுறே? நானா படம் எடுக்கிறேன்? வெளிநாட்டுல எடுக்கிறவன் கறுப்பு ஆளுங்களைத் திருடனா, ரௌடியாக் காட்டுறான். நான் வாயசைப்புக்குப் பேசுறேன், அவ்வளவுதான்.

— இந்த டாக்டரை ரௌடி ஆக்கினது அவனா, நீயா? அவன் பாதி சேத்தை அள்ளிப் பூசி அனுப்புறான். மீதியை நீ இங்க உக்காந்து பூசுறே.

— சிரிக்கத்தானேக்கா.

— சிரிக்கவா? சரி, நானும் ஒரு சிரிப்பு சொல்றேன். நீ நடிக்கணும்னுதானே முதல்ல இந்தத் தொழிலுக்கு வந்தே? என்ன சொல்லி அனுப்பினாங்க?

— அது பழைய கதை.

— சொல்லு.

— 'நிறம் பத்தாது தம்பி. முகம் வேணாம், குரலை வச்சுப் பொழைச்சுக்கோ'ன்னாங்க.

— அன்னிக்கு எம் மடியில விழுந்து எப்படி அழுதே! அழுது முடிச்சுட்டு என்னடா பண்ணினே? உன்னை அடிச்ச கோலையே கையில கொடுத்தாங்க. வாங்கிக்கிட்டு இன்னொருத்தன் முதுகைத் தேடிப் போயிட்டே.

— அக்கா!

— இந்த டாக்டர் மாதிரி ஒருத்தரைத்தானே நான் கட்டிக்கிட்டேன்? எங்க கல்யாணத்துக்கு வந்தியா நீ?

— அப்பாதான்...

— அப்பாவை இழுக்காதே. அவராவது வாசல்ல நின்னு வாய்விட்டுத் திட்டிட்டுப் போனாரு. நீ? போன்ல மெதுவாக் கேட்டே, 'அந்த ஆளு உன்னை அடிப்பாராக்கா?'ன்னு. லிஃப்ட் ரிப்பேர் பண்ற மனுஷன். கரப்பான்பூச்சியைக்கூடக் காகிதத்துல ஏந்தி வெளியில விடுவாரு.

— பயந்துட்டேன்க்கா. படத்துல எல்லாம் பாக்குறோமே...

— படத்துல பேசுறது யாருடா? நீதானே! ஊரை ஏமாத்தப் பேசினே. கடைசியில நீயே அதை நம்பிட்டே.

— இப்ப என்ன ஆச்சுன்னு இங்க வந்து நிக்கிறே? அவரு இறந்து போயி ஒரு மாசம் ஆகப்போகுது.

— எதிர்வீட்டுக்காரி காலையில வந்தா. வந்து ஓன்னு அழுதா.

— எதுக்கு?

— நான் வேலைக்குப் போயிருந்த அன்னிக்கு, நெஞ்சு வலி வந்ததும் அவ கதவைத்தான் தட்டியிருக்காரு. கதவு ஓட்டை வழியாப் பார்த்துட்டு உள்பக்கம் சங்கிலியைப் போட்டுட்டா. போலீசுக்குப் போன் போட்டிருக்கா. அவங்க வந்து பார்த்தப்ப, அவ வாசல்ல கிடந்தாரு.

— பாவி! உங்க கட்டடத்துல நின்னு போன லிஃப்டைக் காசு வாங்காமச் சரி பண்ணிக் கொடுத்தாருன்னு சொன்னியே, அந்த மனுஷனையா?

— நானும் அப்படித்தான் பாஞ்சேன். முடியைப் பிடிக்கவே போயிட்டேன். அவ சொன்னா, 'அவரு சொன்னதைக் கேட்டிருந்தா நீங்களும் திறந்திருக்க மாட்டீங்க'ன்னு.

— சொன்னாரா? என்ன பாஷையில?

— தமிழ்ல.

— மாமாவுக்குத் தமிழ் ஏதுக்கா?

— மாமாவா? உயிரோட இருந்தப்ப ஒரு தடவை கூப்பிட்டிருக்கலாம்.

— சொல்லுக்கா, தமிழ் எங்க கத்துக்கிட்டாரு?

— எங்கிட்ட அவரு பாஷையிலதான் பேசுவாரு. ஆனா உன் படம் ஒண்ணைக்கூட விடமாட்டாரு. 'என் மச்சினன் குரல்'னு வேலை பாக்குற இடம் பூராப் பெருமை அடிப்பாரு. சவரம் பண்ணும்போது கண்ணாடி முன்னாடி நின்னு உன்னை மாதிரியே உறுமிப் பார்ப்பாரு. நான் வேடிக்கைன்னு நினைச்சுச் சிரிப்பேன். வேடிக்கை இல்லடா. நீ என்னிக்காவது வீட்டுக்கு வருவே, அன்னிக்கு உங்கிட்டத் தமிழ்ல பேசணும்னு பழகியிருக்காரு.

— அக்கா... அந்தக் கதவுகிட்ட என்ன சொன்னாரு?

— உன் வரியை. நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டு, கதவுல சாஞ்சுக்கிட்டு, உன்னோட அதே உறுமலோட.

— இடி அண்ணே, நேரமாகுது. அந்தக் கதவு வரியை மட்டும் எடுத்துடலாமா? கொஞ்சம் கரகரப்பு தூக்கலா வேணுமாம்.

— நிறுத்துப்பா படத்தை! நிறுத்துங்கறேன்ல!... ஏன்க்கா? ஏன் போயும் போயும் அதைச் சொன்னாரு? 'காப்பாத்துங்க'ன்னு ஒத்த வார்த்தை சொல்லியிருந்தா அவ திறந்திருப்பாளே!

— அந்த வார்த்தை அவருக்குத் தெரியாதுடா. உன் படத்துல அவரை மாதிரி முகம் உள்ள யாருமே அதைச் சொன்னதில்ல.