அம்மன் அனுமதி தராத கட்டைவிரல்

— ரெண்டும் தலை! பாருங்க, மறுபடியும் சிரிக்கிறாங்க அம்மன்.

— உன் காலைப் பாத்தா யாருக்குத்தான் சிரிப்பு வராது, லுவான்?

— புருஷனாச்சேன்னு பாக்கறேன், வாயை மூடுங்க. ஒண்ணு பூ, ஒண்ணு தலைன்னு விழுந்தாத்தான் போய் வெட்டிக்கோன்னு அர்த்தம். ரெண்டும் தலைன்னா சிரிப்பு. ரெண்டும் பூன்னா கோவம். விடிஞ்சதுலேர்ந்து சிரிப்பும் கோவமும் மாறி மாறி வருது, சம்மதம் மட்டும் வரமாட்டேங்குது. கடலைக் காக்கற மாட்சோ அம்மனே வேணாங்கிறப்ப நான் எப்படி ஆபரேஷனுக்குப் போறது?

— சில்லறைக் காசைப் போட்டுக் கேட்டா அப்படித்தான். கோயில்ல உத்தரவு கேக்கப் போடற ரெண்டு பிறைக்கட்டையக் கொண்டாந்திருக்கணும்.

— கொண்டாந்தேனே! ஒரு தடவை போட்டேன். கட்டை தரையில விழுந்த சத்தத்துல அடுத்த கட்டில் அம்மா, புது இடுப்பு மாட்டின உடம்போட துள்ளி உக்காந்துட்டாங்க. நர்ஸு வந்து கட்டையப் பிடுங்கி வச்சுக்கிட்டா. அதான் காசு. அதுவும் இந்த மெத்தை ஒரு பக்கம் பள்ளமா இருக்கு, சரியாவே விழல.

— ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னு சொன்னாளாம்.

— கோணலைப் பத்தி என்கிட்டப் பேசாதீங்க, கிழக்கொரங்கே. என் காலைவிடக் கோணல் இந்த ஊர்லயே கிடையாது.

— பெரியம்மா, முழுப் பேர் சொல்லுங்க. பிறந்த தேதி?

— வந்துட்டா, என் கட்டையப் பிடுங்கினவ! நர்ஸம்மா, இப்பதானே சொன்னேன்? அம்மனுக்குக்கூட பேரு, பிறந்த தேதி, வீட்டு விலாசம்னு ஒரு தடவை சொன்னாப் போதும்.

— ரூல்ஸ் அது பெரியம்மா. ஒவ்வொரு தடவையும் கேக்கணும்.

— ஓங் கிம்-லுவான். தேதி கையில கட்டியிருக்கற பட்டையிலயே இருக்கு, வயசச் சத்தமாச் சொல்ல வைக்காத.

— எந்தக் கால்?

— வலது. டாக்டர் மார்க்கர்ல அம்பு வரைஞ்சிருக்காரு பாரு. அம்பு இல்லேன்னாலும் தெரியாதா? கட்டைவிரல் ஒரேயடியா உள்ள சாஞ்சு கிடக்கு, பக்கத்து விரல் அது முதுகுல ஏறி உக்காந்திருக்கு, ஓரத்துல எலும்பு வெங்காயம் மாதிரி பிதுங்கி நிக்குது. குருடனும் தடவிப் பாத்துச் சொல்லிடுவான்.

— இன்னும் கொஞ்ச நேரத்துல வந்து கூட்டிட்டுப் போவோம். மோதிரம், பல்செட்டு எல்லாம் கழட்டிப் பெரியப்பாகிட்டக் குடுத்துடுங்க.

— இரு, இரு. ஒரே ஒரு சந்தேகம். இது இப்பவே பண்ணியாகணுமா? ஒரு மாசம் தள்ளிப் போட்டா விரல் என்ன ஓடியா போயிடும்?

— பெரியம்மா, பாக்க அசிங்கமா இருக்குன்னு வர்றவங்களை எல்லாம் டாக்டர் ஹுவாங் திருப்பி அனுப்பிடுவாரு. உங்களையே ரெண்டு வருஷமா கத்தி வேணாம்னுதானே வச்சிருந்தாரு? அகலமான ஷூ போடச் சொன்னாரு, விரல் நடுவுல மெத்தை வைக்கச் சொன்னாரு, மாத்திரை குடுத்தாரு. எல்லாம் செஞ்சும் சும்மா உக்காந்திருக்கறப்பவே வலிக்குது, தூக்கம் கெடுது, விரல் மேல விரல் ஏறிடுச்சு, போன வருஷம் தோல் உடைஞ்சு சீழ் வேற. இன்னொரு தடவை அம்மன் பல்லக்குப் பின்னால பாதயாத்திரைன்னு அவ்வளவு தூரம் நடந்தீங்கன்னா ரெண்டாவது விரல் மூட்டே கழண்டு போயிடும்னாரு. இதுக்கப்புறமும் பண்ணலேன்னா எப்பப் பண்றது?

— எல்லாம் செஞ்சும்னு சொன்ன பாரு... அந்த அகலமான ஷூ மட்டும் செய்யல.

— என்னது? போடறேன்னு டாக்டர்கிட்ட சொன்னீங்களே!

— நர்ஸம்மா, அவகிட்ட அதைக் கேக்காதீங்க. நாப்பது வருஷமா செருப்புக்கடை வச்சிருக்கா.

— நானே சொல்றேன், நீங்க சும்மா இருங்க. வாத்தியார் பிள்ளை மக்கு, வைத்தியர் பிள்ளை சீக்கும்பாங்க. செருப்புக்கடைக்காரி காலு இந்த லட்சணத்துல இருந்தா என்ன ஆச்சரியம்? கடைக்கு வர்றவங்களுக்கெல்லாம் உபதேசம் பண்ணுவேன், "ஒரு நம்பர் பெருசா எடுங்க, பாதயாத்திரைல கால் வீங்கும்"னு. எனக்கு மட்டும் கூர்மூக்கு வச்சது. ஏன்னு கேளு. கடைக்காரியே வாத்து மாதிரி ஷூ போட்டா எவன் வாங்குவான்? கடிக்கும். நானே எனக்குச் சொல்லிக்குவேன், "போடப் போட இளகிக் குடுக்கும், லுவான்". கிராக்கிகிட்டச் சொல்லிச் சொல்லி நானே நம்பிட்டேன். தோல் இளகலை, எலும்புதான் இளகுச்சு. கடைசியில என் கடையிலயே விலை ஒசந்த ஷூவ எடுத்து, வெங்காயத்துக்கு ஒரு ஜன்னல் வெட்டிக் குடுத்தேன், காத்து வாங்கட்டும்னு.

— இனிமே அகலமா போட்டாலும் கோணினது நிமிராது பெரியம்மா. எலும்பை வெட்டி, நேரா நகர்த்தி, திருகாணி போட்டுத்தான் நிக்க வைக்கணும்.

— தூங்க வச்சுட்டுதானே?

— இடுப்புக்குக் கீழ மரத்துப் போக முதுகுல ஒரு ஊசி. முழிச்சுட்டுதான் இருப்பீங்க. வலிக்காது. ரம்பச் சத்தம் லேசாக் கேக்கும், பாட்டுப் போட்டு விடுவாங்க.

— ரம்பமா! கேட்டீங்களா? நான் கட்டில்ல படுத்துப் பாட்டுக் கேப்பேனாம், அங்க தச்சு வேலை நடக்குமாம்.

— அப்புறம்தான் பெரியம்மா உங்க வேலை. மரப்பு விட்டதும் நல்லா வலிக்கும், மறைக்காமச் சொல்லுங்க, மருந்து தருவோம். நாளைக்கோ மறுநாளோ வீட்டுக்குப் போயிடலாம். முதல்ல கொஞ்ச நாள் கால் நெஞ்சைவிட ஒசரத்துல இருக்கணும். ஒன்றரை மாசம் இந்த ஷூதான், குதிகாலை மட்டும் ஊன்றி நடக்கணும். ஸ்கூட்டர் கிடையாது.

— குடு பாப்போம்... ஐயய்யோ. என் வாழ்நாள்ல இவ்வளவு அவலட்சணமான ஷூவ நான் வித்ததே இல்ல. எந்தக் கம்பெனி இது? திருப்பி எடுத்துக்குவானா?

— வீக்கம் முழுசா வடிய ஆறு மாசம், சிலருக்கு அதுக்கும் மேல. விரல் கொஞ்சம் விறைப்பா நிக்கலாம், ஓரமா மரமரன்னு இருக்கலாம். நூத்துல சில பேருக்கு மறுபடியும் சாயறதும் உண்டு. அதையும் சொல்லிடணும், ரூல்ஸ்.

— சரியா நடக்க முடியுமா, அதைச் சொல்லு. ரொம்ப தூரம்.

— பெரும்பாலும் எல்லாரும் நடக்கறாங்க பெரியம்மா. முன்னைவிட வலி இல்லாம. வர்றேன், ஸ்ட்ரெச்சர் சொல்லிட்டு வர்றேன்.

— பெரும்பாலும்னு சொல்லிட்டுப் போறா பாத்தீங்களா? அந்தப் பெரும்பாலும்ல நான் எப்பவாவது இருந்திருக்கேனா? சீட்டு குலுக்கினா வராது, பூவா தலையா போட்டா விழாது.

— நல்லாத்தான் முடியும். நான் போய் கடல்மீன் வாங்கி இஞ்சி போட்டு சூப் வைக்கிறேன். புண்ணு சீக்கிரம் ஆறும்.

— உங்க சூப்பா? அதுக்கு ரம்பமே தேவலை.

— அதுவும் சரிதான். காசைக் குடு, நான் போடறேன்.

— நீங்க போட்டா செல்லாது. வேண்டிக்கிட்டவ நான். பல்லக்கு கிளம்ப இன்னும் பதினஞ்சு நாள்கூட இல்லீங்க. ஊரே தொப்பி, கொடின்னு வாங்கிட்டுத் திரியுது. உங்க நுரையீரல்ல பாதியை எடுத்தாங்களே, அன்னிக்கு அம்மன்கிட்ட என்ன சொன்னேன்? இவரைக் காப்பாத்து தாயே, உசிரு இருக்கற வரைக்கும் உன் பல்லக்குப் பின்னால நடக்கறேன்னு சொன்னேன். இந்த வருஷம் நடக்காம கட்டில்ல கால்தூக்கிப் படுத்துக் கிடந்து, உங்களுக்கு ஏதாவது ஒண்ணு ஆச்சுன்னா?

— சரி, உனக்குப் பதிலா நான் நடக்கறேன்.

— நீங்களா? அரை நுரையீரலை வச்சுக்கிட்டு? மூணாவது நாள் பல்லக்கு உங்களைத் தூக்கிட்டு வரும்.

— நம்ம பையனை அனுப்பு.

— அவன் பைக்ல போயிட்டு வந்து நடந்தேன்பான்.

— பல்லக்கு நம்ம தெரு வழியாத்தானே போகும்? சக்கர நாற்காலில கூட்டிட்டுப் போய் ரோட்டுல படுக்க வைக்கிறேன். அம்மன் பல்லக்கு உன் மேலாலத் தாண்டிப் போனா வேண்டுதல் தீந்த மாதிரிதான்னு எல்லாரும் சொல்றாங்க.

— ரோட்டுல எல்லாரும்தான் படுப்பாங்க. அது எப்படி நடந்த மாதிரி ஆகும்? உங்களுக்கு என்ன தெரியும். கருக்கல்ல வயலுக்கு நடுவுல போறப்ப முன்னால பல்லக்கு வெளக்கு மட்டும் ஆடி ஆடிப் போகும். வழியெல்லாம் முன்னப்பின்ன தெரியாத சனங்க அரிசிக்கஞ்சி ஊத்துவாங்க, தர்பூசணி வெட்டி வச்சுக்கிட்டு சாப்பிடுங்க சாப்பிடுங்கன்னு கையைப் பிடிச்சு இழுப்பாங்க. வேணாம்னா கோவிச்சுக்குவாங்க. பள்ளிக்கூட வராந்தால அட்டைப்பெட்டியப் பிரிச்சுப் போட்டுப் படுத்தா அப்படித் தூக்கம் வரும். ஒம்போது நாளும் ஒருத்தரும் என்கிட்ட முப்பத்தேழு நம்பர்ல கறுப்பு இருக்கான்னு கேக்க மாட்டாங்க.

— ம்.

— என்ன ம்? எல்லாம் உங்க உசிருக்காகத்தான் சொல்றேன்.

— தெரியும், தெரியும். நான் என்ன சொல்லிட்டேன்?

— சிரிக்காதீங்க. எனக்குப் பயமா இருக்குங்க. நிஜமாவே. வெட்டறதுக்கு இல்ல. ஊசி, ரம்பம், அந்தக் கண்றாவி ஷூ எல்லாத்தையும் பொறுத்துக்குவேன். அதுக்கப்புறம் கடை வாசல் வரைக்கும்தான் உன் நடைன்னு சொல்லிட்டாங்கன்னா? கல்லாவுல உக்காந்தே கிழவியாயிடுவேன்.

— ஏற்கெனவே கிழவிதான்.

— அதுவும் சரிதான்! பாருங்க, உங்க வார்த்தை எனக்கும் ஒட்டிக்கிச்சு. இருங்க, கடைசியா ஒரு தடவை போடறேன். தாயே, ஓங் கிம்-லுவான் கேக்கறேன், இந்த வருஷம் மட்டும் விட்டுக் குடு... ரெண்டும் பூ. கோவம். நான் சொன்னேன்ல? எந்திரிங்க, என் துணிய எடுங்க, வீட்டுக்குப் போலாம்.

— பெரியம்மா, ஸ்ட்ரெச்சர் வந்தாச்சு. ஏன் ஒத்தைக் காலை கீழ வச்சு நிக்கிறீங்க? ஏறிப் படுங்க.

— நான் வரல, நர்ஸம்மா. டாக்டர்கிட்ட மன்னிப்புக் கேட்டேன்னு சொல்லிடு. இது என் இஷ்டம் இல்லம்மா, அம்மனுக்குக் குடுத்த வாக்கு. ஆயுசு பூரா நடக்கறேன்னு வேண்டியாச்சு, என் புருஷன் உசிரு அதுல தொங்குது. நம்பிக்கை இல்லேன்னா அவரையே கேளு.

— அப்படியா பெரியப்பா? எழுதிக் குடுத்துட்டா போகலாம். ஆனா நீங்க கொஞ்சம் எடுத்துச் சொல்லுங்களேன்.

— ஸ்ட்ரெச்சரை இப்படித் தள்ளும்மா. லுவான், என் ஆபரேஷனுக்கு முந்தின நாள் அம்மன் முன்னால நீ வேண்டிக்கிட்டது மூணே மூணு வருஷம். பக்கத்துல ஊதுபத்தியப் பிடிச்சுட்டு நின்னவன் நான். அதுக்கு மேல நடந்த வருஷமெல்லாம் நீ உனக்காக நடந்தது, அந்த நடைக்குத்தான் இந்தக் காலை நேராக்கச் சொல்றேன், ஏறிப் படு.